ஒன்றுமே திறக்கவில்லை, பாதி மெமரி எங்கே போனது? விண்டோஸில் ராம் கணக்கைப் படிப்பது எப்படி

போன மாதம் அத்தான் போன் செய்தார். அக்கா வீட்டுக்காரர், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பிரின்ட் அவுட், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்று நாள் முழுக்க ஒரே கணினியில் வேலை. "மாப்ளே, இப்பத்தான் ஆன் பண்ணேன், ஒரு புரோகிராம்கூட தொறக்கல, அதுக்குள்ள மெமரி 64 பர்சென்ட்னு காட்டுது, வைரஸ் ஏதும் ஏறிடுச்சா?" என்றார்.

வைரஸ் இல்லை. ஆனால் கேள்வி நியாயமானது. எந்த புரோகிராம் எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரை முதன்முறை திறந்து பார்க்கும் எல்லோருக்கும் இது வரும். பட்டியலில் இருக்கும் எண்களைக் கூட்டிப் பார்த்தால் அந்த 64 சதவீதம் வரவே வராது, அப்படியானால் மீதியை யார் எடுத்துக்கொண்டார்கள் என்ற அடுத்த கேள்வியும் கூடவே வரும். அன்று அவருக்குப் போனில் சொன்னதையும், சொல்ல நேரம் இல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும், பட்டன்களின் இடம் மட்டும் கொஞ்சம் மாறும்.

முதலில் எந்தப் பக்கத்தைப் பார்ப்பது

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் நேராகத் திறக்கும். திறந்ததும் புராசஸஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் பட்டியல் வரும். பெரும்பாலானவர்கள் அங்கேயே நின்று, மெமரி என்ற தலைப்பைக் கிளிக் செய்து, மேலே வருகிற ஒவ்வொன்றுக்கும் எண்ட் டாஸ்க் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியலுக்கு அப்புறம் வருவோம். முதலில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய், இடதுபுறம் மெமரியைத் தேர்ந்தெடுங்கள்.

மேலே ஒரு வரைபடம் ஓடும், அதன் கீழே மெமரி கம்போசிஷன் என்று ஒரு நீளமான பட்டை இருக்கும். மவுஸை அந்தப் பட்டையின் மேல் மெதுவாக நகர்த்தினால் அது நான்கு துண்டாகப் பிரிந்திருப்பது தெரியும்: இன் யூஸ், மாடிஃபைடு, ஸ்டாண்ட்பை, ஃப்ரீ. இந்த நான்கும் புரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

அத்தானுக்கு அவர் கடையை வைத்தே சொன்னேன். ராம் என்பது உங்கள் மேசை, ஹார்டு டிஸ்க் என்பது பின்னால் இருக்கும் பீரோ. இப்போது கையில் வைத்து வேலை பார்க்கும் தாள்கள் இன் யூஸ். வேலை முடிந்தும் மேசையிலேயே ஓரமாகக் கிடக்கும் ஜெராக்ஸ் தாள்கள் ஸ்டாண்ட்பை. அவற்றின் அசல் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, இடம் வேண்டுமென்றால் யோசிக்காமல் எடுத்துப் போட்டுவிடலாம், அந்த வாடிக்கையாளர் திரும்பி வந்தால் பீரோவைத் திறக்காமல் அங்கிருந்தே எடுத்தும் கொடுக்கலாம். பேனாவால் திருத்தி வைத்திருக்கும் தாள் மாடிஃபைடு. அந்தத் திருத்தத்தை பீரோவில் இருக்கும் கோப்பில் ஏற்றிய பிறகுதான் அதை எடுத்துப் போட முடியும். ஒன்றுமே வைக்காத வெற்று இடம் ஃப்ரீ.

இதில் கவனிக்க வேண்டியது ஸ்டாண்ட்பைதான். விண்டோஸ் வெற்று இடத்தை விட்டு வைக்காது. நீங்கள் நேற்று, அதற்கு முந்தின நாள், எந்த நேரத்தில் எதைத் திறந்தீர்கள் என்பதை வைத்து, அடுத்து எது தேவைப்படலாம் என்று கணித்து முன்கூட்டியே டிஸ்கிலிருந்து எடுத்து ஸ்டாண்ட்பையில் அடுக்கி வைக்கும். 2007-இல் விஸ்டாவோடு சூப்பர்ஃபெட்ச் என்ற பெயரில் வந்த வேலை இது, இப்போது அதே சர்வீஸின் (பின்னணியில் தானாக ஓடும் புரோகிராமின்) பெயர் சிஸ்மெயின். அதனால் சிறிது நேரம் ஓடிய கணினியில் ஃப்ரீ 50 எம்பி, 100 எம்பி என்று காட்டினால் அது ஆபத்து கிடையாது. கிடைக்கும் இடம் எவ்வளவு என்பதற்கு அவைலபிள் என்று தனியாக ஒரு எண் அதே பக்கத்தில் இருக்கிறது. ஸ்டாண்ட்பையும் ஃப்ரீயும் சேர்ந்ததுதான் அவைலபிள். பக்கத்திலேயே இருக்கும் கேஷ்டு என்பது ஸ்டாண்ட்பையும் மாடிஃபைடும் சேர்ந்தது. இவை இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படிந்த கணக்கு, ஆகவே இன் யூஸ், அவைலபிள், கேஷ்டு மூன்றையும் கூட்டி "மொத்த ராமைவிட அதிகமாக வருகிறதே" என்று குழம்ப வேண்டாம்.

லினக்ஸிலும் இதே கதைதான். அங்கே ஃப்ரீ என்ற கட்டளையைக் கொடுத்தால் ஃப்ரீ, அவைலபிள் என்று இரண்டு எண்கள் தனித்தனியாக வரும், இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும். மேக்கில் 2013-இல் வந்த மேவரிக்ஸிலிருந்து ஆக்டிவிட்டி மானிட்டரில் மெமரி பிரஷர் என்று பச்சை, மஞ்சள், சிவப்பு நிறத்தில் ஒரு வரைபடம் உண்டு. பச்சையில் இருக்கும்வரை எத்தனை ஜிபி போயிருந்தாலும் கவலை இல்லை.

பட்டியலைக் கூட்டினால் கணக்கு ஏன் இடிக்கிறது

சரி, இப்போது புராசஸஸ் பட்டியலுக்கு வரலாம். அங்கே ஒவ்வொரு புரோகிராமுக்கும் எதிரே காட்டும் எண், அந்தப் புரோகிராம் தனக்கென்று மட்டும் வைத்திருக்கும் பக்கங்களின் (விண்டோஸ் ராமைப் பிரித்துக் கணக்கிடும் சின்னச் சின்னத் துண்டுகளின்) அளவு. பல புரோகிராம்கள் பங்கு போட்டுக்கொள்ளும் நூலகக் கோப்புகள் அதில் சேராது. அவற்றை ஒவ்வொருவர் கணக்கிலும் எழுதினால் ஒரே இடத்தைப் பத்து முறை எண்ணியது போலாகிவிடும், அதனால் விட்டுவிடுகிறார்கள். விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் எடுத்துக்கொள்வதும் எந்த புரோகிராமின் பெயரிலும் வராது. வைஃபை, பிரின்டர் போன்ற சாதனங்களை இயக்கும் டிரைவர்கள் பிடித்து வைத்திருப்பதும் அப்படித்தான்.

இன்னொரு பெரிய துண்டு அழுத்தி வைத்த மெமரி. 2015-இலிருந்து விண்டோஸ் 10 செய்கிற வேலை இது. ஒரு புரோகிராம் நெடுநேரம் தொடாமல் வைத்திருக்கும் பக்கங்களை உடனே டிஸ்குக்குத் தள்ளாமல், ராமிலேயே சுருக்கி மடித்து வைக்கும். டிஸ்கிலிருந்து படிப்பதைவிட ராமில் சுருக்கி வைத்ததை விரிப்பது பல மடங்கு வேகம் என்பதால் இது நல்ல ஏற்பாடு. இன் யூஸ் எண்ணுக்கு அருகில் அடைப்புக்குறிக்குள் ஒரு சின்ன எண் இருக்கும், அதுதான் இப்படிச் சுருக்கி வைத்த அளவு. கணினியை ஆன் செய்தவுடன் இது மிகச் சிறிதாக இருக்கும், வேலை நெருக்கம் ஏற ஏற வளரும். எப்போது பார்த்தாலும் இது பெரிதாக, ஒரு ஜிபிக்கு மேலே நின்றால், ராம் நெருக்கடியைச் சமாளிக்க விண்டோஸ் தொடர்ந்து உழைத்துக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு கிராஃபிக்ஸ். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினிகளில் திரைக்கு வேண்டிய மெமரியும் உங்கள் ராமிலிருந்துதான் போகிறது. அதில் ஒரு பகுதியை, கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸ் முன்கூட்டியே ஒதுக்கிவிடும். மெமரி பக்கத்தில் கடைசியில் ஹார்டுவேர் ரிசர்வ்டு என்று இருக்கும் எண் இதற்கானது. 4 ஜிபி போட்ட கணினியில் 3.9 என்றும் 8 போட்டதில் 7.8 என்றும் காட்டுவதற்குக் காரணம் இதுதான்.

சர்வீஸ் ஹோஸ்ட் என்ற பெயரில் ஐம்பது அறுபது வரிகள் இருப்பதைப் பார்த்துப் பயந்தவர்கள் நிறைய பேர். முன்பு பல சர்வீஸ்களை ஒரே புராசஸுக்குள் அடைத்து வைத்திருந்தார்கள், ஒன்று விழுந்தால் கூட இருப்பவையும் விழும். 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ராம் இருக்கும் கணினிகளில் அவற்றைப் பெரும்பாலும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். எண்ணிக்கை கூடினாலும், எந்த சர்வீஸ் எவ்வளவு தின்கிறது என்று இப்போது தனித்தனியாகத் தெரிகிறது. டீடெயில்ஸ் பக்கத்தில் எந்த வரியையும் வலது கிளிக் செய்து கோ டு சர்வீசஸ் கொடுத்தால் அது எதற்கானது என்று காட்டும். கண்மூடித்தனமாக எண்ட் டாஸ்க் கொடுக்காதீர்கள், நெட்வொர்க்கோ சத்தமோ நின்றுபோகும், சில சமயம் கணினியே ரீஸ்டார்ட் ஆகும்.

முழுக் கணக்கையும் பைசா சுத்தமாகப் பார்த்தே தீர வேண்டும் என்றால் ராம்மேப் என்ற இலவசக் கருவி இருக்கிறது. சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ஒன்று; மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் 1996-இல் தொடங்கிய அந்தத் தொகுப்பை 2006-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, இப்போது மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே கிடைக்கிறது. ராமின் ஒவ்வொரு பக்கமும் யாரிடம் எந்த நிலையில் இருக்கிறது என்று அட்டவணையாகக் காட்டும். முதல்முறை பார்க்கும்போது மலைப்பாக இருக்கும், யூஸ் கவுன்ட்ஸ் என்ற முதல் பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். டாஸ்க் மேனேஜர் பட்டியலில் எங்கேயும் தென்படாத மெமரி, அங்கே கட்டாயம் ஏதாவது ஒரு வரியில் இருக்கும்.

உண்மையிலேயே பற்றாக்குறையா என்று எப்படித் தெரிந்துகொள்வது

இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்தப் பகுதியைத்தான். ஆன் செய்தவுடன் பார்க்கும் சதவீதத்தை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. 8 ஜிபி கணினியில் விண்டோஸ் 11 எழுந்து நின்றவுடன் 3 அல்லது 4 ஜிபி காட்டுவது சாதாரணம், 4 ஜிபி கணினியில் பாதிக்கு மேல் போவதும் சாதாரணம். உங்கள் வேலை உச்சத்தில் இருக்கும்போது அளக்க வேண்டும். கடை என்றால் காலை பதினொரு மணிக்கு, கூட்டம் நிற்கும்போது. மாணவர் என்றால் ஆன்லைன் வகுப்பு, பிடிஎஃப், பிரவுசர் எல்லாம் ஒன்றாகத் திறந்திருக்கும்போது. அந்த நேரத்தில் மூன்றே மூன்றைப் பாருங்கள்.

முதலாவது அவைலபிள். உச்ச நேரத்திலும் ஒரு ஜிபிக்கு மேல் நிற்கிறது என்றால் நிம்மதியாக இருங்கள், கணினி மெதுவாக இருந்தால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. 300, 400 எம்பிக்குக் கீழே அடிக்கடி போகிறது என்றால் மேசை நிரம்பிவிட்டது.

இரண்டாவது ஹார்ட் ஃபால்ட்ஸ். ஸ்டார்ட் மெனுவில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று தேடித் திறந்து மெமரி பக்கத்துக்குப் போனால், வலதுபுறம் நொடிக்கு எத்தனை ஹார்ட் ஃபால்ட் என்று ஒரு வரைபடம் ஓடும். ஃபால்ட் என்ற பெயரைப் பார்த்து ஏதோ பழுது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு புரோகிராம் கேட்கும் பக்கம் ராமில் இல்லை, டிஸ்கிலிருந்து எடுத்துவர வேண்டியிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். புதிதாக ஒரு புரோகிராமைத் திறக்கும்போது அது சில நொடிகள் நூற்றுக்கணக்கில் எகிறி அடங்குவது இயல்பு. ஏற்கனவே திறந்திருக்கும் இரண்டு ஜன்னல்களுக்கு இடையே மாறும்போதெல்லாம் எகிறுகிறது, நிமிடக்கணக்கில் அடங்காமல் ஓடுகிறது என்றால் அதுதான் நோய். ராமிலிருந்து ஒரு பக்கத்தைப் படிக்க நொடியில் கோடியில் ஒரு பங்கு நேரம் ஆகிறது என்றால், சுழலும் ஹார்டு டிஸ்கில் தேடி எடுக்க நொடியில் நூறில் ஒரு பங்கு ஆகும். ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம். மவுஸ் அசையாமல் நிற்பதும், டைப் செய்த எழுத்து கொஞ்ச நேரம் கழித்து வருவதும் இதனால்தான். எஸ்எஸ்டி போட்ட கணினியில் இந்த வித்தியாசம் ஆயிரம் மடங்கு அளவுக்குக் குறைந்துவிடும், ஆகவே பற்றாக்குறை இருந்தாலும் அவ்வளவாக உறைக்காது.

மூன்றாவது கமிட்டெட். இதைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை. 6.1/7.4 ஜிபி என்பதுபோல இரண்டு எண்களாக இருக்கும். முதல் எண், புரோகிராம்கள் கேட்டதற்கெல்லாம் "தருகிறேன்" என்று விண்டோஸ் கொடுத்திருக்கும் வாக்கின் மொத்தம். அவை அதை உண்மையில் தொட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இரண்டாவது எண், அதிகபட்சம் எவ்வளவு வாக்குக் கொடுக்க முடியும் என்பது, அதாவது ராமும், ராமில் இடம் போதாதபோது பக்கங்களைத் தள்ளி வைக்க டிஸ்கில் இருக்கும் பேஜ் ஃபைலும் சேர்ந்த அளவு. முதல் எண் இரண்டாவதை முட்டினால் புதிதாகக் கேட்கும் புரோகிராமுக்கு இல்லை என்ற பதில்தான் கிடைக்கும், பிரவுசர் டேப் வெள்ளையாகச் செத்துவிடும், சில புரோகிராம்கள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும். அவைலபிள் தாராளமாக இருக்கும்போதே இது நடக்கலாம். "எஸ்எஸ்டி தேய்ந்துவிடும், பேஜ் ஃபைலை அணைத்துவிடுங்கள்" என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அதை அணைப்பதால் ராம் கூடாது, கொடுக்கக்கூடிய வாக்கின் அளவுதான் குறையும். சிஸ்டம் மேனேஜ்டு என்றே விட்டுவிடுங்கள், டிஸ்கில் பத்துப் பதினைந்து ஜிபி காலியாக இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்றும் நல்ல நிலையில் இருந்தால், 64 என்ன, 80 சதவீதம் காட்டினாலும் விட்டுவிடலாம்.

பின்னணியில் ஓடுவதைக் குறைப்பது

பற்றாக்குறை உண்மைதான் என்று தெரிந்துவிட்டால், கை வைக்க வேண்டிய முதல் இடம் ஸ்டார்ட்அப் பட்டியல். டாஸ்க் மேனேஜரிலேயே ஸ்டார்ட்அப் பக்கம் இருக்கிறது. அங்கே ஹை, மீடியம், லோ என்று இம்பாக்ட் காட்டுவதைப் பார்த்து மெமரியைத்தான் சொல்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். அது ஆன் ஆகும் நேரத்தில் அந்தப் புரோகிராம் எவ்வளவு சிபியு, எவ்வளவு டிஸ்க் எடுத்தது என்பதை மட்டும் சொல்கிறது. லோ என்று போட்டிருக்கும் ஒன்று பின்னால் 200 எம்பி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் கூடும். ஆகவே இம்பாக்டைப் பார்க்காமல், "இது ஆன் ஆனவுடனேயே எனக்குத் தேவையா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிரின்டரின் மை அளவு பார்க்கும் புரோகிராம், அரட்டைச் செயலிகள், விளையாட்டுக் கடைகள், அப்டேட் தேடும் சின்னச் சின்ன புரோகிராம்கள் எல்லாவற்றையும் டிசேபிள் செய்யலாம். அவை அழிந்துபோகாது, நீங்கள் திறக்கும்போது வழக்கம்போல ஓடும். ஆன்டிவைரஸ், டச்பேட், ஆடியோ டிரைவர் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் விட்டுவிடுங்கள்.

இந்தப் பட்டியலில் சிக்காமல் சர்வீஸாக நுழைகிறவையும் உண்டு. சிஸ்டம் கான்ஃபிகரேஷன் என்று தேடித் திறந்து, சர்வீசஸ் பக்கத்தில் ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ் என்பதை டிக் செய்தால், வெளியிலிருந்து வந்தவை மட்டும் மிஞ்சும். என்றோ கழற்றி எறிந்த பழைய பிரின்டருக்கான சர்வீஸ் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்கான புரோகிராமையே அன்இன்ஸ்டால் செய்வதுதான் சுத்தமான வழி.

அடுத்தது பிரவுசர், இன்றைக்கு ஒரு வீட்டுக் கணினியில் பெரும்பங்கு மெமரி இங்கேதான் போகிறது. நான்கு டேப் திறந்ததற்கு இருபது புராசஸ் ஏன் என்று கேட்பார்கள். ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டை 2018 ஜனவரியில் வெளியே தெரிந்தது. ஒரு தளத்தின் நிரல் அதே புராசஸுக்குள் இருக்கும் இன்னொரு தளத்தின் தகவலைத் திருட்டுத்தனமாகப் படிக்க முடியும் என்ற நிலை. அதற்குப் பிறகு அதே ஆண்டு குரோமின் 67-ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு தளத்தையும் தனிப் புராசஸில் அடைப்பதை டெஸ்க்டாப்பில் வழக்கமாக்கினார்கள். மெமரி கூடுதலாகப் போகிறதுதான், ஆனால் பேங்க் தளம் ஒரு டேபிலும் ஏதோ ஒரு சினிமாத் தளம் இன்னொரு டேபிலும் திறந்திருக்கும் நம் ஊர் வழக்கத்துக்கு அந்தச் செலவு தகும் என்றே நினைக்கிறேன். அதைக் குறைக்கப் பார்க்காதீர்கள்.

குறைக்க வேண்டியது வேறு இருக்கிறது. குரோமில் இருந்துகொண்டு ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் பிரவுசருக்கே உரிய டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு என்று பெயரோடு காட்டும். என்றோ ஒரு நாள் கூப்பன் தேட, வீடியோ இறக்க என்று போட்ட எக்ஸ்டென்ஷன்கள் ஆளுக்கு 60, 100 எம்பி பிடித்துக்கொண்டிருப்பதை அங்கே காணலாம், தூக்கிவிடுங்கள். செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரி சேவரை ஆன் செய்தால், கொஞ்ச நேரம் தொடாத டேப்களைத் தூங்கவைக்கும். எட்ஜில் இதற்கு ஸ்லீப்பிங் டேப்ஸ் என்று பெயர். பாதி நிரப்பிய விண்ணப்பம் இருக்கும் தளத்தை மட்டும் விதிவிலக்கில் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் திரும்பி வரும்போது பக்கம் மறுபடி ஏறி, நிரப்பியது போய்விடும் வாய்ப்பு உண்டு.

இன்னொன்று, பிரவுசரை மூடிய பிறகும் அது முழுதாக மூடியிருக்காது. குரோமிலும் எட்ஜிலும் சிஸ்டம் என்ற செட்டிங்ஸ் பகுதியில், மூடிய பின்னும் பின்னணியில் ஓட அனுமதிக்கும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. எட்ஜில் கூடுதலாக ஸ்டார்ட்அப் பூஸ்ட் என்று ஒன்று. மெமரி குறைவான கணினியில் இவற்றை அணைப்பது நல்ல பலன் தரும்.

எம்எஸ்எட்ஜ் வெப்வியூ2 என்ற பெயர் பட்டியலில் வந்து "நான் எட்ஜே பயன்படுத்துவதில்லையே" என்று குழப்பும். அது பிரவுசர் அல்ல, மற்ற புரோகிராம்கள் தங்கள் திரையைக் காட்டப் பயன்படுத்தும் பிரவுசர் எந்திரம். புதிய டீம்ஸ், புதிய அவுட்லுக், விண்டோஸ் 11-இன் விட்ஜெட்ஸ் எல்லாம் அதன் மேல்தான் ஓடுகின்றன. டிஸ்கார்டு, ஸ்லாக் போன்றவை எலக்ட்ரான் என்ற முறையில் ஆளுக்கொரு குரோமியத்தை (குரோமுக்கு அடிப்படையான பிரவுசரை) தங்களுக்குள்ளேயே சுமந்து வருகின்றன. இப்படி மூன்று செயலிகள் திறந்திருந்தால் மூன்று பிரவுசர்கள் கூடுதலாகத் திறந்திருப்பது மாதிரி. தினமும் வேண்டாதவற்றை பிரவுசரில் ஒரு டேபாகவே திறந்து பயன்படுத்திவிட்டு மூடுவது மெமரிக்கு லாபம்.

நிரல் எழுதுகிறவர்கள் பட்டியலில் விஎம்மெம் என்று ஒன்று பல ஜிபி பிடித்திருப்பதைப் பார்க்கலாம். அது விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸின் (டபிள்யூஎஸ்எல்) மெய்நிகர் கணினி, இயல்பாக மொத்த ராமில் பாதிவரை எடுத்துக்கொள்ள அதற்கு அனுமதி உண்டு. டபிள்யூஎஸ்எல் ஷட்டவுன் கட்டளை கொடுத்தால் திரும்பக் கொடுத்துவிடும்.

ராம் பூஸ்டர் வேண்டாம்

அத்தான் எனக்குப் போன் செய்வதற்கு முன்பே யாரோ சொன்னார்கள் என்று ஒரு மெமரி கிளீனரை இறக்கிப் போட்டிருந்தார். ஒரு பட்டனைத் தட்டினால் 64 சதவீதம் 40 ஆகிறது, பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. இவை பெரும்பாலும் செய்வது என்னவென்றால், ஓடிக்கொண்டிருக்கும் எல்லா புரோகிராம்களிடமும் கையில் இருக்கும் பக்கங்களைக் கீழே போடச் சொல்லும் ஒரு விண்டோஸ் கட்டளையைக் கொடுப்பது. மேசையில் வேலையாகக் கிடந்த தாள்களை எல்லாம் ஒரே தள்ளாகத் தள்ளியாயிற்று, எண் குறைந்தது. அடுத்த நொடியே ஒவ்வொரு புரோகிராமும் தன் தாள்களைத் திரும்பத் தேட ஆரம்பிக்கும். சில ஸ்டாண்ட்பையில் உடனே கிடைக்கும், சில பீரோவரை போய்த்தான் எடுக்க வேண்டும். நீங்களே சோதித்துப் பார்க்கலாம், ராம்மேப்பில் எம்ப்டி மெனுவில் எம்ப்டி வொர்க்கிங் செட்ஸ் என்று இருப்பதும் இதே வேலைதான். கொடுத்துவிட்டு ரிசோர்ஸ் மானிட்டரில் அடுத்த அரை நிமிடத்தைக் கவனியுங்கள். கிளீனரைத் தானியங்கியாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிட்டால் கணினிக்கு ஓய்வே இருக்காது, போதாததற்கு அந்தக் கிளீனரும் பின்னணியில் ஒரு இடம் பிடித்துக்கொள்கிறது.

சிஸ்மெயினை அணைக்கச் சொல்லும் யோசனையும் அடிக்கடி வரும். எஸ்எஸ்டியில் அணைத்தாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. பழைய ஹார்டு டிஸ்கும் 4 ஜிபியும் இருக்கும் கணினியில் டிஸ்க் எப்போதும் நூறு சதவீதத்திலேயே நின்று, அதைச் செய்வது சிஸ்மெயின்தான் என்றும் டாஸ்க் மேனேஜர் காட்டினால், ஒரு வாரம் நிறுத்திப் பார்க்கலாம், முன்னேற்றம் இல்லையென்றால் திரும்ப ஆன் செய்துவிடுங்கள்.

மெதுவாக ஊறும் கசிவு

சில சமயம் பிரச்சினை எந்தப் புரோகிராம் பெயரிலும் இருக்காது. என் 8 ஜிபி லேப்டாப்பில் நடந்தது. காலையில் நன்றாக இருக்கும், மாலைக்குள் அவைலபிள் அரை ஜிபிக்கு வந்துவிடும், எல்லாவற்றையும் மூடினாலும் திரும்ப ஏறாது. தினமும் இரவு ஷட் டவுன் செய்துதான் படுத்தேன், ஆனாலும் நான்கைந்து நாளில் காலையிலேயே மோசமாகத் தொடங்கியது. கடைசியில் மெமரி பக்கத்தில் நான்-பேஜ்டு பூல் என்ற எண்ணைக் கவனித்தேன்: 1.8 ஜிபி. அது டிரைவர்களும் கெர்னலும் பயன்படுத்தும், டிஸ்குக்குத் தள்ளவே முடியாத பகுதி. வழக்கமாகச் சில நூறு எம்பியில் இருக்க வேண்டியது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதி வைத்தேன், ஏறிக்கொண்டே போனது, வைஃபையை அணைத்தால் ஏற்றம் நின்றது. வைஃபை கார்டின் டிரைவர் வாங்கிய மெமரியைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தது. டிரைவரைப் புதுப்பித்ததும் சரியானது.

ஷட் டவுன் செய்தும் ஏன் போகவில்லை என்பது பலருக்குத் தெரியாத விஷயம். 2012-இல் விண்டோஸ் 8-உடன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வந்தது. ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் புரோகிராம்களை மூடிவிட்டு, கெர்னலையும் டிரைவர்களையும் அப்படியே டிஸ்கில் எழுதி வைத்து, மறுநாள் எழுதியதையே எடுத்து ஓட்டும். கசிவும் அதோடு சேர்ந்தே திரும்பி வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் கெர்னல் புதிதாகத் தொடங்கும். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் அப் டைம் என்று ஒரு எண் இருக்கிறது, தினமும் அணைத்து எழுப்பும் கணினியில் அது பன்னிரண்டு நாள், இருபது நாள் என்று காட்டினால் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டுத்தான் மற்ற ஆராய்ச்சியில் இறங்க வேண்டும். பெரும்பாலான சமயங்களில் அதிலேயே தீர்ந்துவிடும்.

கசிவு சாதாரண புரோகிராமில் என்றால் கண்டுபிடிப்பது இன்னும் எளிது. டீடெயில்ஸ் பக்கத்தில் தலைப்பை வலது கிளிக் செய்து செலெக்ட் காலம்ஸ் வழியாக கமிட் சைஸ் என்ற பத்தியைச் சேர்த்து, அதன்படி வரிசைப்படுத்துங்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை மேலே இருக்கும் ஐந்து பெயரை எழுதி வைத்தால் எது வீங்குகிறது என்று இரண்டு நாளில் தெரிந்துவிடும். மெமரி பத்தியைவிட இது நம்பகமானது, ஏனென்றால் விண்டோஸ் ஒரு புரோகிராமின் பக்கங்களை டிஸ்குக்குத் தள்ளிவிட்டால் மெமரி பத்தியில் எண் குறைந்துவிடும், கமிட் சைஸில் குறையாது.

அத்தான் கடையில் கடைசியில் என்ன நடந்தது

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தேன். மொத்தம் 4 ஜிபி, விண்டோஸ் எழுந்ததும் 3.9-இல் 2.5 போயிருந்தது. கிளீனரை எடுத்துவிட்டு, பழைய பிரின்டர்கள் இரண்டின் புரோகிராம்களைத் தூக்கி, ஸ்டார்ட்அப்பில் ஒன்பதை அணைத்து, குரோமிலும் எட்ஜிலும் பின்னணி ஓட்டத்தை நிறுத்தியதும் 2 ஜிபிக்குப் பக்கத்தில் வந்தது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் மறுநாள் காலைக் கூட்டத்தில் ஆறு டேப், ஒரு போட்டோ எடிட்டர், ஸ்கேனர், பிடிஎஃப் எல்லாம் சேர்ந்தபோது அவைலபிள் 250 எம்பிக்கு வந்தது என்று படம் எடுத்து அனுப்பினார், ஹார்ட் ஃபால்ட்ஸ் வரைபடம் மேலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. இதற்கு மேல் செட்டிங்ஸில் தேடிப் பயனில்லை, மேசை சின்னது.

மெமரி பக்கத்தில் ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2 என்று இருந்தது, அதாவது இன்னொரு ராம் போட இடம் காலி. அங்கேயே ஸ்பீடும் காட்டும், அதைக் குறித்துக்கொண்டு, ராம் டிடிஆர்3 வகையா டிடிஆர்4 வகையா என்பதை பழைய ராமின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும், ஒன்றுக்கு இன்னொன்று பொருந்தாது. சில லேப்டாப்களில் ராமை மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், அவற்றில் வழியில்லை, வாங்குவதற்கு முன் மாடல் எண்ணை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். முடிந்தால் ஏற்கனவே இருப்பதற்கு இணையான அளவிலேயே வாங்குங்கள். இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே அளவு இருந்தால் இரண்டு வழியாகவும் ஒரே நேரத்தில் தரவு போகும், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினிக்கு அது நன்றாகவே கைகொடுக்கும்.

இன்னொரு 4 ஜிபி போட்டாயிற்று. இப்போது அந்தக் கணினி எழுந்தவுடன் இன் யூஸ் 2.8 ஜிபி காட்டுகிறது, முன்பு காட்டிய 2.5-ஐவிட அதிகம். அத்தான் அதைப் பார்த்துவிட்டு மறுபடியும் போன் செய்தார். அவைலபிள் எவ்வளவு என்று கேட்டேன். கடை முழுக்க ஆள் நிற்கும்போதே மூன்று ஜிபிக்குக் கீழே இறங்கவில்லையாம்.